பிரம்புப் பந்துக்கு டப்பா எதற்கு? மௌல்மீன் தம்பிக்கு ஒரு பதில்

பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து விளையாட்டுச் சாமான் கடை போடப் போகிறார்களாம். கால்பந்து, கைப்பந்து, டென்னிஸ் பந்து, இறகுப்பந்து எல்லாம் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், மொத்தமாக எடுத்து அங்கே சில்லறையாக விற்பது ஒரு பக்கம். உள்ளூரில் நாலைந்து வீடுகளில் பின்னுகிற பிரம்புப் பந்தைத் தங்கள் பெயர் போட்ட டப்பாவில் அடைத்துச் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்புவது இன்னொரு பக்கம். கேள்விகள் மூன்று. கால்பந்தைக் காற்றடித்து டப்பாவில் வைப்பதா, காற்றில்லாமல் பையில் போட்டு விற்பதா? டென்னிஸ் பந்தை டப்பாவிலிருந்து எடுத்து உதிரியாக விற்றால் என்ன? பிரம்புப் பந்துக்கு எப்படிப்பட்ட டப்பா அடிக்கச் சொல்வது?

மூன்றாவதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் யாங்கோனில் ஆங்சான் மைதானத்துப் பக்கம் 24 வருடமாக விளையாட்டுச் சாமான் விற்கிறேன். அப்பா காலத்தில் அது நோட்டுப் புத்தகக் கடை. மூலையில் ஒரு கம்பிக் கூடையில் ரப்பர் பந்து கிடக்கும். நோட்டைவிடப் பந்து வேகமாகப் போகிறது என்று தெரிந்த பிறகு கூடை வளர்ந்தது, நோட்டுப் புத்தகம் மூலைக்குப் போனது. இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான். ஒரு பந்துக்கு என்ன பேக்கிங் என்று யோசிக்கும்போது முதலில் அதற்குள் இருக்கும் காற்றைக் கேட்க வேண்டும். காற்று ஆலையிலேயே அடைபட்டதா, கடையில் நாம் அடிப்பதா, காற்றே கிடையாதா? இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பேக்கிங். அட்டையின் நிறம், அச்சின் பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

டென்னிஸ் பந்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் எளிது. டென்னிஸ் பந்துக்கு வால்வு கிடையாது. ரப்பர் ஓட்டுக்குள் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் காற்றை அடைத்து ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியாகக் கசியும். அதனால் பந்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அழுத்தத்தை டப்பாவுக்குள்ளும் ஏற்றி மூடுகிறார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்றால் காற்று எங்கே போகும்? 1926இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரப்பர் கம்பெனி மூன்று பந்து கொள்ளும் காற்றுப்புகாத தகர டப்பாவைக் கொண்டுவந்தது. அதைச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். 1980களிலிருந்து பிளாஸ்டிக் குழாயும் இழுத்துத் திறக்கும் தகர மூடியும் வந்துவிட்டன. மூடியை இழுக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் நீங்கள் விற்கிற சரக்கு. அந்தச் சத்தம் வந்த நிமிடத்திலிருந்து பந்துக்கு வயதாகத் தொடங்கிவிடும். சில வாரங்களில் அதன் துள்ளல் குறைவது ஆடுகிறவனின் கைக்கே தெரியும். விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். மூன்று மாதம் கூடையில் திறந்து கிடந்த பந்து அந்தப் பரீட்சையில் தேறாது.

ஆகவே டப்பாவைப் பிரித்து உதிரியாக விற்காதீர்கள். டென்னிஸ் ஆடுகிறவர் உதிரிப் பந்தை வாங்க மாட்டார். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் வாங்குவார்கள், ஆனால் அவர்களுக்கு என்றே அழுத்தமில்லாத பந்து மலிவாக டஜன் கணக்கில் வலைப்பையில் வருகிறது. அது தடித்த ரப்பரின் பலத்திலேயே துள்ளும், டப்பா தேவையில்லை. 2019இல் வில்சன் கம்பெனி டிரினிட்டி என்று ஒரு பந்தை விட்டது. காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும் உட்கரு என்பதால் அழுத்த டப்பாவே வேண்டாமென்று காகித உறையில் வைத்தே விற்கிறார்கள். பந்துக்குள் காற்றின் கதை மாறினால் பேக்கிங்கும் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா? ஒன்று மட்டும் கவனியுங்கள்: மூடி உள்வாங்கி இருக்கும் டப்பாவை எடுக்காதீர்கள், அடுக்கும்போது மூடியின் விளிம்பு நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நசுங்கிய இடத்தில் காற்று போய்விட்டால் திறக்கும்போது சத்தமே வராது. அந்த வாடிக்கையாளரும் திரும்பி வர மாட்டார்.

கால்பந்துக்கு வருவோம். உங்கள் வியாபாரத்தில் முக்கால்வாசி இதுதான்.

கால்பந்து உலகத்தின் தலைநகரம் பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். 2014 உலகக் கோப்பைப் பந்து அங்கே ஒரு தொழிற்சாலையில் தயாரானது. அந்த ஊர் ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் பணத்திலேயே ஒரு விமான நிலையம் கட்டி 2007இல் திறந்தார்கள் என்றால் எவ்வளவு சரக்கு போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஜலந்தரும் மீரட்டும் இதே தொழிலில் இருக்கின்றன. நமக்கு இங்கே அதிகம் வருவது சீனச் சரக்கும் தாய்லாந்துச் சரக்கும். எங்கிருந்து வந்தாலும் மொத்தச் சரக்கில் பெரும்பாலும் பந்து காற்றில்லாமல்தான் வரும். ஏன் என்பதைக் கூரியர்க்காரரின் கணக்கில் பார்ப்போம்.

ஐந்தாம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். அதாவது குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். காற்றடித்த பந்தை 23 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் வைத்தால் பெட்டியின் கன அளவு 12,167 கன சென்டிமீட்டர். பெட்டி அடைக்கிற இடத்தை எடையாக மாற்றக் கூரியர்க்காரர் அதை 5000ஆல் வகுப்பார். 2.4 கிலோ. அரைக் கிலோகூட இல்லாத பந்துக்கு இரண்டரைக் கிலோவுக்கான கூலி. இதில் ஒரு வேடிக்கை: உருண்டையைச் சதுரத்தில் வைத்தால் பெட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பந்து, மீதி மூலைகளின் வெற்றிடம். பந்துக்குள்ளும் காற்று, மூலையிலும் காற்று. காற்றுக்கே லாரி வாடகை கட்டிக்கொண்டிருப்போம். அதே பந்தைக் காற்றெடுத்து, வால்வு இருக்கும் பக்கத்தை மேலே விட்டு எதிர்ப்பக்கத்தை உள்ளே அமுக்கிக் கிண்ணமாக்கி, கிண்ணத்துக்குள் கிண்ணமாகப் பத்தை அடுக்கினால் 24க்கு 24, உயரம் 38 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்கும். அதை 5000ஆல் வகுத்தால் 4.4 கிலோ. பத்துப் பந்தின் நிஜ எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்கு நேராகிவிட்டது.

அதனால் யாங்கோனிலிருந்து மௌல்மீனுக்கு எடுக்கும்போது கிண்ணமாகவே எடுங்கள், அங்கே காற்றடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிண்ணமாகவே வருடக்கணக்கில் கிடக்க விடாதீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மொத்த வியாபாரி, பேர் வேண்டாம், பாதி விலைக்கு 100 பந்து தருகிறேன் என்றார். நான் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். நாலாக மடித்துக் கட்டி எத்தனை காலம் குடோனில் கிடந்ததோ, காற்றடித்தால் ஒவ்வொன்றிலும் சிலுவை போலக் கோடு. மேல்தோல் அந்த இடத்தில் வெடித்திருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் பொல்லாதவர்கள். 'அங்கிள், இந்தப் பந்துக்கு ஆபரேஷன் ஆகியிருக்கா?' என்று கேட்டான் ஒருவன். கிண்ணமடிப்பு பரவாயில்லை, கத்திமடிப்புதான் கூடாது. மடிப்புத் தடம் லேசாக இருந்தால் முதல் நாள் பாதிக் காற்று, மறுநாள் மீதிக் காற்று என்று அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

ஊசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வறண்ட ஊசியை வால்வில் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்து, அப்புறம் அந்தப் பந்து எந்நாளும் இளைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கடைப் பையன்கள் எச்சில் தொட்டுக் குத்துவார்கள். ஒரு துளி கிளிசரின் அல்லது சிலிக்கோன் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர் முன்னால் எச்சில் வேண்டாம். கிண்ணமாக விற்கிற பந்தென்றால் பையிலேயே ஓர் ஊசியைப் போட்டுக் கொடுங்கள், ஆனால் ஊசியை அட்டையில் குத்தி வையுங்கள். பைக்குள் சும்மா உருளும் ஊசி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கடைத்தட்டு. இங்கே காற்றடித்த பந்துதான் விற்கும், சந்தேகமே வேண்டாம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். பந்தை இரண்டு கையாலும் எடுப்பார்கள், இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவார்கள், தோலை ஒரு தடவை தடவுவார்கள், கடைசியில் தரையில் ஒருமுறை போட்டுப் பிடிப்பார்கள். கல்லாவுக்கு முன்னால் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டுத் தரை மட்டும் பளபளவென்று இருக்கும். 24 வருடமாகப் பந்து விழுந்த இடம் அது. மூடிய டப்பாவில் பந்தை வைத்தால் இந்த நாலும் நடக்காது. நடக்கவில்லையென்றால் வியாபாரமும் நடக்காது.

அதற்காகத்தான் திறந்த டப்பா வந்தது. நாலு பக்கமும் வட்ட ஜன்னல் வெட்டிய அட்டைப்பெட்டி. பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் பந்து ஒரு விரல் அளவு வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிதுக்கம் தவறிப் போனது அல்ல, வேண்டுமென்றே செய்தது. பெட்டியின் உள்ளளவு பந்தின் குறுக்களவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஜன்னல் வழியாகப் பிதுங்குவதால் பந்து ஆடாமல் நிற்கும். பெட்டி பந்தைத் தாங்குவது போலத் தெரிந்தாலும் உண்மையில் பந்துதான் பெட்டியைத் தாங்குகிறது. மேலே இன்னொன்றை அடுக்கினாலும் அழுத்தம் பந்தின் மேல்தான் இறங்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு மாதத்தில் பந்து கொஞ்சம் இளைக்கும், பெட்டி தொளதொளவென்று ஆகும், அடுக்கு சாயும். உள்ளே இருக்கும் பை பியூட்டைல் ரப்பராக இருந்தால் காற்று வாரக்கணக்கில் நிற்கும். லேட்டெக்ஸ் என்றால் சில நாளிலேயே இறங்கும், உதைக்கச் சுகமாக இருக்கும் ஆனால் அடிக்கடி காற்றடிக்க வேண்டும். மாதம் பிறந்ததும் பம்ப்பை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் போக ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் ஒண்ணாந்தேதி அந்தச் சத்தம்தான்.

அட்டையைப் பற்றி மௌல்மீன்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். யாங்கோனில் ஆண்டுக்கு 2700 மில்லிமீட்டர் மழை என்று நாங்கள் புலம்புகிறோம். உங்கள் ஊரில் அது 4000ஐத் தாண்டும். நெளி அட்டை ஈரக்காற்றைக் குடித்தால் அதன் தாங்கு பலம் பாதிக்குக்கூட இறங்கிவிடும். வைகாசி முதல் புரட்டாசி வரை ஆறடுக்கு வைக்கும் பெட்டியை மூன்றடுக்கோடு நிறுத்துங்கள், தரையில் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் மழைக்கால ஊரில் விலை குறைந்த பந்துக்கு டப்பாவே வேண்டாம். கீழே ஒரு பிளாஸ்டிக் வளையம், மேலே கயிற்றில் ஒரு சீட்டு, அவ்வளவு போதும். நல்ல பந்துக்கு மட்டும் ஜன்னல் டப்பா. வலைப்பையும் நல்லதுதான், பையன் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவான். டப்பாவை யார் வைத்துக்கொள்கிறார்கள்?

பாலித்தீன் பை போடுவதானால் ஊசித்துளை விட்ட பை வாங்குங்கள். ஈரத்தோடு முழுக்க மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், தையல் நூலில் கறுப்புப் புள்ளி விழும்.

காற்று எவ்வளவு? விதிப்படி ஆட்டத்துக்கு 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை. வால்வுக்குப் பக்கத்தில் அந்தப் பந்துக்கு உரிய அளவை அச்சடித்திருப்பார்கள், அதை மீறாதீர்கள். தட்டில் வைப்பதற்கு அதில் பாதி போதும். தையலுக்கு வேலை குறையும். காரணம் வெயில். 25 டிகிரியில் 0.8 அழுத்தத்துக்கு அடித்த பந்தைச் சித்திரை மாதம் 45 டிகிரி கொதிக்கிற வேனில் ஏற்றினால் உள்ளே 0.92 ஆகிவிடும். மலைக்கு ஏற்றினாலும் இதே கதை. டவுஞ்சி சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்று மெலிது, அதனால் இங்கே அடித்த பந்து அங்கே போனதும் கல்லாகிவிடும். டவுஞ்சி வாடிக்கையாளர் ஒருவர் 'பந்தை ஏன் இப்படி இறுக்கி அனுப்புகிறீர்கள்?' என்று என்னிடம் இரண்டு வருடம் சண்டை போட்டார். அப்புறம்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

கைப்பந்துக்கு இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கம். அதற்கு 0.3 சொச்சம்தான் அழுத்தம், எடை 260 முதல் 280 கிராம், தோலும் மென்மை. கால்பந்துக்கு அடிப்பது போல அடித்தால் கெட்டுவிடும். கூடைப்பந்தைக் காற்றோடு திறந்த டப்பாவில்தான் வையுங்கள், அதன் சொரசொரப்பைத் தடவிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை.

காற்றடிக்கத் தேவையில்லாத சின்னப் பந்துகளை இரண்டு வரியில் முடிக்கிறேன். மேசைப்பந்து 2.7 கிராம்தான், அதன் எதிரி நசுக்கம், ஆகவே மூன்று அல்லது ஆறு கொண்ட கெட்டி அட்டைப்பெட்டி. முன்பு செல்லுலாய்டில் வந்தது, சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் ஏற்றுவதே வில்லங்கம். 2014 முதல் பெரிய போட்டிகளில் பிளாஸ்டிக் பந்து வந்தபின் அந்தத் தலைவலி குறைந்தது. கிரிக்கெட் பந்து இங்கே சொற்பம்தான் போகும். அது தோல், ஈரமும் படக்கூடாது, காய்ந்தும் போகக்கூடாது, தனித்தனிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் இருக்கட்டும்.

இறகுப்பந்து பந்தே அல்ல என்றாலும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. 12 கொண்ட குழாய், ஒவ்வொன்றிலும் 16 இறகு. குழாயின் மூடியில் ஒரு நம்பர் இருக்கும், 75, 76, 77 என்று. அது தரத்தைக் காட்டுவதல்ல, வேகத்தைக் காட்டுவது. சூட்டில் காற்று மெலிந்து இறகு வேகமாகப் பறக்கும், ஆகவே வெப்ப ஊருக்குச் சின்ன நம்பர். நமக்கு 75, 76. மொத்தக் கடையில் 78 மலிவாகத் தள்ளிவிடுவார்கள், வாங்கினால் ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு வெளியேதான் விழும்.

சீட்டில் என்ன எழுதுவது? சட்டப்படியும் வேண்டும், வியாபாரத்துக்கும் வேண்டும், பர்மிய எழுத்தில் விவரம் இருக்கட்டும். பந்தின் நம்பர் பெரிதாக இருக்கட்டும். எட்டு வயதுக்குள் 3, அதிலிருந்து பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல் 5. அம்மாக்கள் பந்து வாங்க வரும்போது கேட்பது இது ஒன்றைத்தான். பிஃபா முத்திரையை நீங்களாக அச்சடித்துவிடாதீர்கள், சோதனை முடித்து உரிமம் வாங்கிய பந்துக்குத்தான் அது. 'அதிகாரபூர்வ அளவு, அதிகாரபூர்வ எடை' என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பவும் வேண்டாம். அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை, தையல் நாடாவும் தராசும் எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். பார்கோடு வாங்குவதானால் மியான்மரில் பதிந்தால் 883 என்று தொடங்கும். சிலர் அதைப் பார்த்து 'சரக்கு இந்த நாட்டில் செய்தது' என்று நினைப்பார்கள். அது கோடு பதிந்த இடத்தைக் காட்டுகிறதே தவிர, சரக்கு செய்த இடத்தை அல்ல. 890 போட்டதெல்லாம் இந்தியாவில் தைத்த பந்தும் அல்ல.

சரி, பிரம்புப் பந்து.

பர்மிய மொழியில் சின்லோன். 'சின்' என்றால் கூடை, 'லோன்' என்றால் உருண்டை. பெயரிலேயே அது கூடை ஜாதி என்று சொல்லிவிட்டார்கள். ஆறு பேர் வட்டமாக நின்று, கை படாமல், கீழே விழாமல் காலாலும் முட்டியாலும் தட்டித் தட்டி ஆடுவது. ஜெயிப்பும் தோற்பும் இல்லாத ஆட்டம். மண்டலேயில் பர்மிய நாள்காட்டியின் வாசோ மாதத்தில் மகாமுனி கோயில் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் ஆட்டம் நடக்கும், பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். 2013இல் நேபிடோவில் தென்கிழக்காசிய விளையாட்டு நடந்தபோது இதையும் ஒரு போட்டியாக வைத்தார்கள். வலை கட்டிக் காலால் ஆடும் செப்பாக் தக்ராவுக்கு இப்போது செயற்கை இழைப் பந்து வந்துவிட்டது, 12 ஓட்டை, 20 குறுக்குப் பின்னல், ஆண்களுக்கு 41 முதல் 43 சென்டிமீட்டர் சுற்றளவு. நம் பிரம்புப் பந்தும் பார்வைக்கு அப்படித்தான். ஆனால் காதுக்கு அப்படி அல்ல.

வாங்க வருகிற பர்மியப் பெரியவரைக் கவனித்துப் பாருங்கள். பந்தைக் கண்ணருகில் கொண்டுபோய் ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பார், பிரம்பின் முனை எங்கே சொருகி முடித்திருக்கிறது என்று விரலால் தேடுவார். முனை துருத்திக்கொண்டிருந்தால் காலைக் கிழிக்கும். அப்புறம் காதருகில் வைத்து நகத்தால் சுண்டுவார். நன்றாகக் காய்ந்த பிரம்பு 'டக்' என்று கூர்மையாகச் சொல்லும். ஈரம் இருந்தால் 'தொப்' என்று அடங்கும். கடைசியாக முழங்காலில் இரண்டு தட்டு. கண், விரல், காது, முழங்கால், நாலும் பந்தைத் தொட்டால்தான் பணம் வெளியே வரும். இதை எந்த டப்பாவில் அடைப்பீர்கள்?

இதற்குள் அடைபட்ட காற்று கிடையாது. காற்று வந்து வந்து போகிறது, அதுதான் அதன் ஆரோக்கியம். நான் ஒருமுறை பெரிய மனிதனாக நினைத்துக்கொண்டு ஆவணி மாதத்தில் சிங்கப்பூருக்கு 40 பந்து அனுப்பினேன். ஒவ்வொன்றையும் சுருங்கும் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி, மேலே பளபள ஸ்டிக்கர் ஒட்டி. என் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அங்கே போய்த் திறந்தவர் படம் அனுப்பினார். பொன் நிறத்தில் போன பந்து சாம்பல் பூத்துப்போயிருந்தது, பின்னலின் சந்து சந்தாகப் பூஞ்சை. பிரம்புக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தது, நான் அதற்கு வெளியே போக வழி விடவில்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து இப்படிச் செய்கிறேன். உள்ளூரில் விற்பதற்கு ஒன்றுமே வேண்டாம். ஓட்டை வழியாகச் சணல் கயிற்றைக் கோத்து, ஆறு ஆறாகக் கட்டி, கடை வாசலில் நுங்குக் குலை போலத் தொங்க விடுங்கள். தெருவில் போகிறவன் கை தானாக அதைத் தட்டும். இதைவிட நல்ல பேக்கிங்கும் கிடையாது, விளம்பரப் பலகையும் கிடையாது. வெளிநாட்டுக்கு என்றால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தடித்த காகிதப் பட்டை, பந்தின் இடுப்பைச் சுற்றி. உங்கள் பெயர், பின்னிய ஊர், எப்படிப் பராமரிப்பது என்று நாலு வரி, எல்லாம் அதில் அடங்கும். பட்டைக்கு மேலும் கீழும் பந்து திறந்தே இருக்கும். சுண்டிப் பார்க்கலாம். டப்பாவுக்குச் செலவிட இருந்த பணத்தை இந்தப் பட்டையின் அச்சில் போடுங்கள். தமிழிலும் இரண்டு வரி இருக்கட்டும், சென்னையில் அதைப் பார்க்கிறவருக்கு ரங்கூன் என்ற சொல்லே பாதி விற்றுக் கொடுக்கும்.

வெளிப் பெட்டி ஐந்தடுக்கு நெளி அட்டை, இரண்டு பக்கமும் காற்றோட்டத் துளை, உள்ளே கசக்கிய வெறும் காகிதம், மூலைக்கு ஒன்றாகச் சிலிக்கா ஜெல் பொட்டலம். பிரம்புப் பந்தைக் கால்பந்து போலக் கிண்ணமாக்க முடியாது, ஆகவே கன அளவுக் கூலியைத் தவிர்க்க வழியில்லை. அந்தக் கூலியை விலையில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கூட்டினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். மரப்பெட்டி அடிக்காதீர்கள். மரத்துக்கு வெப்பச் சிகிச்சையும் அதற்கான முத்திரையும் கேட்பார்கள், அட்டைக்கு அது இல்லை. பிரம்பே தாவரப் பொருள் என்பதால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டுமா என்று வாங்குகிறவருடைய சுங்கக் கிளியரிங் ஆளிடம் சரக்குக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டு துளைத்த பொடி தெரிகிற பந்தை ஒதுக்கிவிடுங்கள், ஒன்று போனால் பெட்டி முழுக்கப் போகும்.

மழைக்காலத்தில் பின்னியதை ஐப்பசி கழியும் வரை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். அவசர ஆர்டர் வந்தால் அடுப்படிக்கு மேலே பரணில் பத்து நாள் போட்டு எடுங்கள், பின்னுகிற வீடுகளில் அந்த வழக்கம் இருக்கும். நேர்வெயிலில் காயப்போட்டால் பிரம்பு வெடிக்கும். அந்த நாலைந்து வீட்டிலும் ஒவ்வொரு பந்து வாங்கி, பேர் எழுதிய சீட்டுக் கட்டி, யாங்கோன் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள். காதில் வைத்துச் சுண்டிப் பார்த்துவிட்டு எந்த வீட்டுப் பந்து கப்பல் ஏறலாம் என்று சொல்கிறேன்.